கட்டை கட்டியவர்களின் சங்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாவது ஷிப்ட் விடுகிற நேரமும், பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயில் திடலில் கூத்துக்குக் களரி கட்டுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரவு பத்து, பத்தரை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல், சாப்பாட்டுப் பையோடு அப்படியே திடலில் வந்து உட்காருவார்கள். பங்குனி முதல் ஆடி வரை திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களில் இது வழக்கம்தான். உருக்காலைகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் இளைஞர்களும் கூட்டத்தின் ஓரமாக நிற்பார்கள். தமிழ் புரியாவிட்டாலும் பீமன் யார், துச்சாதனன் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒடிசாக்காரர்களுக்கு விடிய விடிய நடக்கும் ஜாத்ரா சொந்த ஊரிலேயே பழக்கம்.

திருத்தணி, ஊத்துக்கோட்டை தொடங்கி காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வரை நீளும் இந்தத் தொண்டை மண்டலம்தான் கூத்தின் தாய்நிலம். வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டிச் சித்தூர்ப் பக்கத்து ஊர்களிலும் இது ஆடப்படுகிறது. பல ஊர்களில் தெருக்கூத்து என்பார்கள். ஆடுகிறவர்களில் ஒரு பகுதியினர் கட்டைக்கூத்து என்கிறார்கள். அந்தப் பெயரிலேயே 1990-இல் கூத்தாடிகள் தங்களுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். தமிழ்நாடு கட்டைக்கூத்துக் கலை வளர்ச்சி முன்னேற்றச் சங்கம் என்பது அதன் முழுப்பெயர். அன்று திருவள்ளூரும் காஞ்சிபுரமும் ஒரே மாவட்டம். 1997-இல்தான் பிரிந்தன. சங்கத்தின் இடம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல். அதை முன்னின்று தொடங்கியவர்கள் பெருங்கட்டூர் ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்து இங்கேயே குடும்பமாகிவிட்ட ஹன்னே டி ப்ரைனும்.

கலையால் சமூக மேம்பாடு என்றதும் நம் கண்முன் வருவது விழிப்புணர்வு நாடகம். பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம், ஒரு செய்தி, ஒரு பாட்டு, கடைசியில் உறுதிமொழி. அதற்கும் தேவை உண்டு. ஆனால் இந்தச் சங்கம் போன வழி வேறு. கூத்தை எதற்காவது கருவியாக்குவது என்று அது தொடங்கவில்லை. ஆடுகிறவன் தன் தொழிலை முழுமையாகக் கற்றிருந்தால், அதற்கு உரிய கூலியைக் கேட்டு வாங்கத் தெரிந்திருந்தால், தன் பிள்ளையைப் படிக்கவும் வைக்க முடிந்தால், அவன் தலை தானாக நிமிரும் என்று நம்பியது. எனக்கு இந்தச் சங்கத்தின் மேல் இருக்கும் மரியாதைக்குக் காரணம் இதுதான். இரக்கத்தை அது எங்கும் கேட்டதில்லை. அது கேட்டது நல்ல கண்ணும் காதும் உள்ள பார்வையாளர்களை.

அந்தக் கண்ணையும் காதையும் கொண்டு பார்க்க இந்தக் கலையில் என்ன இருக்கிறது?

முதலில் கட்டை. அரசர்களும் வீரர்களும் அணியும் மர அணிகலன்களைத்தான் கட்டை என்கிறார்கள். தலைக்குக் கிரீடம் அல்லது சிகரேக்கு, தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம், காதுக்குக் காதுக்கட்டை. கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்குவார்கள். அதன்மேல் காகிதம் ஒட்டி, வண்ணம் பூசி, ஜிகினாவும் கண்ணாடித் துண்டுகளும் பதிப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் எளிய பொருள். அதை ஒரு மனிதன் உடம்பில் கட்டி, அவன் அதைத் தாங்கிக்கொண்டு சுற்றும்போது பாருங்கள். பெட்ரோமாக்ஸ் காலத்தில் ஆயிரம் சின்னக் கண்ணாடிகளும் அசைகிற வெளிச்சத்தை வாங்கித் திருப்பின. இப்போது டியூப் லைட்டும் எல்.இ.டி. விளக்கும் ஒரே சீராக வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. கட்டையின் அழகில் பாதியை அவை விழுங்கிவிடுகின்றன என்பது என் குறை. மஞ்சள் விளக்கு இரண்டு போதும், கூத்து வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

கொட்டகைக்குள் எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தால் தவறவிடக் கூடாது. ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார்கள். இடது கையில் ஒரு சின்னக் கண்ணாடி, வலது கையில் ஈர்க்குச்சியோ தூரிகையோ. வண்ணப் பொடியை எண்ணெயில் குழைத்து முதலில் முகம் முழுக்க ஒரே நிறம். பிறகு புருவம், மீசை, கன்னத்தில் சுழியும் புள்ளிகளும். முகம் முடிந்ததும் இடுப்பு. காற்சட்டைக்கு மேல் பாவாடை, அதற்கு மேல் இன்னொன்று என்று அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்க, இன்னொருவர் முழங்காலால் இடுப்பில் அண்டை கொடுத்துக் கயிற்றை இழுப்பார். ஆடுகிறவர் கிறுகிறுவென்று சுற்றும்போது அந்த அடுக்குகள் குடை விரிந்ததுபோல விரிந்து நிற்பதற்கு இந்த இறுக்கம்தான் ஆதாரம். கடைசியாகக் கட்டை ஏறும். கிரீடம் தலைக்கு வந்ததும் பேச்சு குறையும். சற்று முன்பு வரை டீ கேட்டுக்கொண்டிருந்த ஆள் அதற்குப் பிறகு கொட்டகையில் இல்லை. துரியோதனன்தான் உட்கார்ந்திருப்பான்.

அவன் வெளியே வரும் விதம் உலக நாடக மேடைகளில் எங்கு வைத்தாலும் நிற்கும். இரண்டு பேர் ஒரு திரையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய பாதங்கள் தெரியும். நடுவில் இருப்பது நம் கற்பனை. திரைக்குப் பின்னிருந்து குரல் எழும். திரை விருத்தம். வேடக்காரர் தன்னைப் பற்றித் தானே, யாரோ ஒருவரைச் சொல்வதுபோலப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதே வரியை வாங்கிப் பாட, கால்கள் மெல்ல உயிர் பெறும். திரையைப் பிடித்து இழுப்பார், விடுவார், மறுபடி இழுப்பார். திரை விலகும் அந்த நொடியில் மேளமும் தாளமும் முகவீணையும் ஒன்றாக உச்சத்துக்குப் போகும். வட்டமடித்து வந்து பெஞ்சில் கால் வைத்து நிற்பார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்துவிடும். பிறகு கோமாளியான கட்டியக்காரன் வந்து நீர் யாரய்யா, எந்த ஊர், எதற்காக இந்த நேரத்தில் இங்கே வந்தீர் என்று விசாரிப்பான். அஸ்தினாபுரத்து அரசனிடம் பேசிக்கொண்டே ரேஷன் கடை பாமாயிலையும், கம்பெனியில் ஆள் எடுப்பதையும், உள்ளூர்த் தலைவர் போடாமல் விட்ட ரோட்டையும் இழுத்து வருவான். புராணத்துக்கும் ஊருக்கும் நடுவில் அவன் போய்வருகிற வேகம், சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஊரோடு வாழ்ந்தவனுக்கே வரும்.

காதுக்கு வருவோம். கூத்தின் சங்கீதத்தைப் பற்றி நம் இசை விமர்சகர்கள் எழுதியது மிகக் குறைவு. ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், இவற்றோடு முகவீணை. பெயரில்தான் வீணை. நாகஸ்வரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிட மிகச் சிறிய ஊதுகருவி இது. குரல் ஊசி மாதிரி ஏறும். நடிகர் பாடிய வரியின் கடைசி எழுத்தை அது பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்பி, அடுத்த வரிக்கான சுருதியில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தும். அரை ஃபர்லாங் தூரத்தில் வயலில் படுத்திருப்பவருக்கும் மேடையில் இப்போது அழுகையா சண்டையா என்று முகவீணை சொல்லிவிடும். மைக் வருவதற்கு முன்னால் கூத்தின் ஒலிபெருக்கி அதுதான். விடியும்வரை ஊத வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே விடும் பயிற்சி இல்லாதவர் இதைத் தொட முடியாது. கற்றுக்கொள்ள வருடக்கணக்கில் ஆகும், கிடைக்கும் பெயரோ வேடக்காரருக்குக் கிடைப்பதில் சிறு பங்குதான். அதனால்தான் முகவீணைக்காரர்கள் அருகிப் போனார்கள். ஹார்மோனியமே போதும் என்று பல ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், விட்டுவிட்டன. சங்கம் தன் பிள்ளைகளுக்கு முகவீணையைச் சொல்லிக்கொடுத்தது. இந்த ஒரு காரியத்துக்காகவே அதற்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்லலாம்.

ராஜகோபால் 1953-இல் பிறந்தவர். கூத்தாடியான தந்தை பொன்னுசாமியிடம் கற்று, பத்து வயதில் தொழிலுக்கு வந்துவிட்டார். பள்ளிப் படிப்பு அதோடு போயிற்று. கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது விதிபோல நடந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் அப்பாவோடு ஆட்டம், பகலெல்லாம் தூக்கம், பள்ளிக்கூடம் எப்போது போவது? ஒருபுறம் படிப்பு போய்விடும், இன்னொரு புறம் படிக்காதவன் ஆடுவது என்று கலைக்கும் இழிவு வந்து சேரும். கூத்தாடி என்ற சொல்லை நாம் எப்படி வசவாக்கி வைத்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். ஆடுகிறவர்களில் பலர் துணி வெளுத்தும் முடி திருத்தியும் ஊருக்குப் பணி செய்த சாதிகளிலிருந்தும், நிலமில்லாத கூலிக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். பழைய ஏற்பாட்டில் ஒரு கோயிலில் கூத்தாடுவது ஒரு குடும்பத்துக்கு முறையாக, உரிமையாக இருந்தது. அதற்குக் கூலி நெல்லாகவோ பழந்துணியாகவோ வரும். அந்த உரிமைக்குள் அடிமைத்தனமும் சேர்ந்தே இருந்தது. அது மெல்லத் தேய்ந்து, முன்பணம் வாங்கி இரவுக்கு இவ்வளவு என்று பேசி ஆடும் ஜமாக்கள் வந்தன. இந்த மாற்றத்தைத்தான் ஹன்னே டி ப்ரைன் தம் லெய்டன் பல்கலைக்கழக முனைவர் ஆய்வில் விரிவாக எழுதினார். ஆராய்ச்சியாளர்கள் பலர் வந்து, பதிவு செய்துகொண்டு, புத்தகம் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் தங்கிவிட்டார்.

சங்கம் 2002-இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கியது. கூத்தும் பள்ளிப் படிப்பும் ஒரே வளாகத்தில், தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு. அடவும் பாட்டும் ஒரு பொழுது, கணக்கும் ஆங்கிலமும் மறுபொழுது. இதன் அருமை தெரிய வேண்டுமானால் பக்கத்து மாநிலங்களைப் பார்க்க வேண்டும். கேரளத்தில் கதகளிக்கு மகாகவி வள்ளத்தோள் 1930-லேயே கலாமண்டலத்தை நிறுவிவிட்டார். கர்நாடகத்தில் யக்ஷகானத்துக்கு உடுப்பியில் பயிற்சி மையம் உண்டு. கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து இரவெல்லாம் ஆடும் இந்த மூன்று கலைகளும் உடன்பிறந்தவை என்று சொல்லிவிடலாம். ஆனால் தமிழ்நாட்டுக் கூத்துக்கு மகாகவியும் வரவில்லை, மன்னரும் வரவில்லை. புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையும், 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் மூலம் ந. முத்துசாமியும் செய்த பணிகள் பெரியவை. அவர்களால்தான் சென்னை கூத்தை மறுபடி பார்த்தது. ஆனாலும் கிராமத்துக் கூத்தாடியின் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பதை, ஆடுகிறவர்கள் தாங்களே சேர்ந்து கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பள்ளி பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. கூத்தில் பெண் வேடம் ஆண் கட்டுவதே மரபு. பெண் பார்க்கலாம், ஆடக் கூடாது. இரவு முழுக்க ஊர் ஊராகப் போகும் தொழில், ஆண்களின் பேச்சு, மேடையில் நடக்கும் பச்சையான கேலி என்று அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். கலாமண்டலம் கதகளிப் படிப்பில் மாணவிகளைச் சேர்த்தது 2021-இல். தொண்டை மண்டலத்து மண் தரையில் அதற்கு வெகு முன்பே பெண்கள் கட்டை கட்டிவிட்டார்கள்.

பெண்கள் ஆடினார்கள் என்பது செய்தி. எப்படி ஆடினார்கள் என்பதுதான் ரசிகனுக்குக் கேள்வி. இங்கே கர்ண மோட்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்தக் கூத்து, திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதத் திருவிழாவில் ஆடப்படுவதோடு, இறந்தவர்களின் கருமாதி இரவிலும் ஆடப்படும். இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1998-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தவரும் ஹன்னேதான். இதன் நடுநாயகம் கர்ணன் போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம். வியாச பாரதத்தில் தேடினால் இந்தக் காட்சி கிடைக்காது, இது நம் ஊர்ச் சொத்து. தேரோட்டி வளர்த்த பிள்ளை, குலம் தெரியாதவன் என்று பொன்னுருவி அவனை மதித்ததே இல்லை. நாளை சாகப் போகிறோம் என்று அறிந்தவன் அவளிடம் வந்து நிற்கிறான். அவள் ஏசுகிறாள். அவன் பொறுக்கிறான். கடைசியில் தான் குந்தியின் மூத்த மகன் என்ற உண்மையைச் சொல்கிறான். அவள் உடைகிறாள். சேர்ந்து வாழ இனி ஓர் இரவுகூட இல்லை.

ஆண் ஒருவர் பொன்னுருவி கட்டும்போது அதில் ஒரு தேர்ந்த கலைத்திறன் இருக்கிறது. இடுப்பின் ஒடிப்பு, முந்தானையைப் பிடிக்கும் விதம், குரலின் நெளிவு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவை. தலைமுறைகள் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பெண் வேட மரபை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். 2024-இல் வந்த ‘ஜமா’ படம் பெண் வேடம் கட்டும் ஒருவரின் பாடுகளை நமக்குக் காட்டியது. ஆனால் ஒரு பெண்ணே பொன்னுருவியாக நின்று ஏசும்போது கோபத்தின் நிறம் மாறுகிறது. நெளிவு குறைகிறது. குரல் நேராக வருகிறது. விருப்பம் கேட்காமல் ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கப்பட்டவளின் கசப்பு அதில் ஏறுகிறது. அவள் ஏசுவது பிறப்பின் திமிரால்தான், அது தவறுதான். ஆனாலும் அவள் பக்கத்தில் ஒரு நியாயம் இருப்பது முதல்முறையாகக் கேட்கிறது. எதிரே கர்ணனாகக் கட்டை கட்டி நிற்பதும் ஒரு பெண் என்றால் இன்னும் விசேஷம். குலம் கேட்டு அவமதிக்கப்பட்டவனின் வலியைக் கூத்தாடிக் குடும்பத்து மகள் ஒருத்தி நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறாள். புஜக்கட்டையின் அகலத்துக்கு ஏற்ப அவள் தோளை விரித்து, காலை அகட்டி மிதித்து, கிறுக்கி அடித்துச் சுழன்று நிற்கும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுமிகளின் முகத்தைத் திரும்பிப் பாருங்கள். பெண் விடுதலையைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

பெண்கள் கட்டை கட்டுவதில் உடல் சார்ந்த ஒரு சிக்கல் உண்டு. கூத்தின் பாட்டு ஆண்கள் உச்ச சுருதியில் குரலை விட்டுப் பாடிப் பழகியது. அந்தச் சுருதியை மாற்றாமல் பெண் குரல் சேரும்போது தொண்டையிலிருந்து மட்டும் கத்தினால் நள்ளிரவுக்குள் குரல் கட்டிவிடும். நாபியிலிருந்து எடுத்துப் பழக வேண்டும். நன்றாகப் பழகிய பெண்ணின் குரல் முகவீணையோடு இழையும்போது எது குரல், எது குழல் என்று ஒரு கணம் பிரிக்க முடிவதில்லை. ஆண் குரலுக்கு இந்த இழைவு வாய்ப்பதில்லை. மரபுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் உள்ளே வந்து, மரபுக்கே ஒரு புதிய அழகைச் சேர்த்திருக்கிறார்கள். இதை விமர்சகர்கள் பதிவு செய்ய வேண்டும்.

ராஜகோபால் எழுத்தாளரும்கூட. பழைய பாரதக் கூத்துகளோடு நிற்காமல் புதிய கூத்துகளை எழுதி இயக்கினார். பிள்ளைகளுக்கென்றே ‘மாயக்குதிரை’ போன்றவை வந்தன. கர்நாடக இசைப் பாடகர்களான டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் கூத்துக் கலைஞர்களோடு ஒரே மேடையில் சேர்ந்து செய்த ‘கர்நாடிக் கட்டைக்கூத்து’ பெரிதாகப் பேசப்பட்டது. சபாவின் காதுக்கும் திடலின் காதுக்கும் இடையில் ஒரு பாலம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கூத்தின் பாட்டு கச்சேரிப் பாட்டின் அருகில் அமரும்போது ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. அதன் காட்டுத்தனமான விரிவு திடலில்தான் இருக்கிறது. நகரத்து அரங்கில் இரண்டு மணி நேரத்தில் பார்ப்பவர்கள் அதைக் கூத்தின் முகப்பு என்று எடுத்துக்கொண்டு, வீட்டைப் பார்க்க ஊருக்கு வர வேண்டும்.

குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. கொரோனா ஆண்டு. பாரதத் திருவிழாக்கள் நின்றன, பங்குனி முதல் ஆடி வரை சம்பாதித்து வருடம் முழுக்கச் சாப்பிடும் குடும்பங்கள் அடுப்புக்கு வழியில்லாமல் நின்றன. அந்த வருடத்தில் ஏராளமான கலைஞர்கள் கட்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிடைத்த கூலி வேலைக்குப் போனார்கள். பதினெட்டு ஆண்டுகள் நடந்த பள்ளி அது. பதினெட்டு நாள் பாரதப் போரைப் பாடுகிறவர்களுக்கு அந்த எண் தற்செயலாக அமைந்தது. பள்ளி மூடியதை நினைத்து வருத்தப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் சங்கம் மூடவில்லை. குருகுலத்தில் படித்தவர்கள் ஜமாக்களில் இருக்கிறார்கள், சொந்தமாகக் குழு நடத்துகிறார்கள், அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

இங்கே தொழிற்சாலைகளோடு ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவே ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம். வடக்கே கும்மிடிப்பூண்டியும் தேர்வாய்க் கண்டிகையும். கூத்துக் குடும்பத்து இளைஞனின் முன்னால் இருக்கும் கேள்வி, கட்டையா கம்பெனியா என்பதுதான். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., பெண் கொடுப்பவர்களின் மரியாதை எல்லாம் கம்பெனிப் பக்கம். அதில் போகிறவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தப் பக்கமும் நிரந்தரம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் வேலை கொடுத்து, 2014 நவம்பரில் நின்றுபோனது. ஒப்பந்தத் தொழிலாளியாகவே பத்து வருடம் கழிகிறவர்கள் சிப்காட்டுகளில் நிறைய. பல கலைஞர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பகலில் லோடு வண்டியோ ஷிப்ட் வேலையோ, சீசனில் இரவெல்லாம் வேடம். தூக்கம் கெட்ட உடம்போடு அருச்சுனன் தபசு மரத்தில் ஏறுகிறவரைப் பார்க்கிறபோது எனக்கு அடிவயிறு கலங்கும். செங்குத்தாக நட்ட உயரமான மரம், ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு, மேலே ஏறிக் கூட்டத்தை நோக்கி விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். கீழே வலை கிடையாது. விபத்துக் காப்பீடும் பலருக்குக் கிடையாது.

அதனால்தான் சங்கம் என்ற அமைப்பு வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. அதில் பதிவு செய்வதிலிருந்து ஓய்வூதியத்துக்கு எழுதிப் போடுவது வரை ஒருவர் துணை வேண்டும். தனியாக நிற்கிற கூத்தாடியின் மனு மேசையிலேயே கிடக்கும். சங்கமாகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

ஒரு கூத்துக்குப் பேசும் தொகை ஒரு ஜமாவில் ஆடுபவர், பாடுபவர், வாசிப்பவர் என்று பதினைந்து பேர் அளவில் பங்காகும். வேன் வாடகை, ஏஜென்ட் கமிஷன், கட்டைக்குப் பழுதுபார்ப்பு, சலவை எல்லாம் அதிலிருந்துதான். ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் சீரியல் லைட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிற விழாக் குழுக்கள் கூத்துக்கு மட்டும் பேரம் பேசுகின்றன. இப்போது இன்னொரு பழக்கமும் பரவுகிறது. போலீஸ் அனுமதி, மைக் நேரம், மறுநாள் வேலை என்று காரணம் காட்டி, விடிய விடிய ஆட வேண்டியதை இரண்டு மணிக்கு முடித்துவிடச் சொல்கிறார்கள். கூத்தின் இலக்கணமே மெதுவாக ஏறுவது. முதல் இரண்டு மணி நேரம் அறிமுகத்துக்கு, பிறகு வாதம், அதற்குப் பிறகு சண்டை, விடியற்காலையில் சாவு அல்லது கல்யாணம். அதில் பாதியை வெட்டினால் மீதி எதற்கும் உதவாது.

ஆகவே திருவிழாக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இது: கூத்து வைத்தால் முழு இரவும் வையுங்கள், பேசிய தொகையை விடிந்ததும் குறைக்காமல் கொடுங்கள், கலைஞர்கள் உடை மாற்றவும் படுக்கவும் மறைவான இடமும், பெண் கலைஞர்களுக்குக் கழிப்பறையும் ஏற்பாடு செய்யுங்கள். சி.எஸ்.ஆர். பணத்தை எங்கே செலவிடுவது என்று தேடும் கும்மிடிப்பூண்டி, ஒரகடம் கம்பெனிகள், தங்கள் செய்தியைச் சொல்லும்படி கேட்காமல் ஒரு ஊர்ப் பாரதத்தின் செலவில் பங்கேற்கலாம். முகவீணை கற்கும் ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் உதவித்தொகை தரலாம்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம். பங்குனி பிறந்ததும் பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர்ச் சாலைகளில் பாரத நோட்டீஸ் ஒட்டத் தொடங்குவார்கள். எந்த நாள் எந்தக் கூத்து என்று அதில் போட்டிருக்கும். கர்ண மோட்சம் என்றிருக்கும் இரவுக்கு ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய் முன்னால் உட்காருங்கள். அது தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் பொன்னுருவி வருவாள், அதுவரை எழுந்துவிடாதீர்கள்.